தொற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொற்றுநோய்க் கண்காணிப்பு ஆய்வுகளுக்கு நிதி விண்ணப்பம் எழுதுவதும், வந்த பணத்துக்குக் கணக்கு ஒப்படைப்பதும் என் பிழைப்பு. கல்லூரிக் கூட்டமானாலும் கல்யாண வீடானாலும், வேலையைச் சொன்னதும் எழும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், வில்லங்கமானவை பின்னால்.

காய்ச்சல் என்ன என்று டாக்டர் பார்த்துச் சொல்லப்போகிறார். இதில் ஆராய்ச்சி எங்கே வருகிறது?

எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன என்று டாக்டர் பார்க்கிறார். அந்த ஊராட்சி ஒன்றியத்தில் இந்த மாதம் வழக்கத்தைவிட அதிகம் பேருக்கு ஏன் காய்ச்சல் என்று பார்ப்பது வேறு வேலை. அதற்கு முதலில் வழக்கம் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் எண்ணியவர்களுக்குத்தான் அது தெரியும்.

செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதும் ஸ்க்ரப் டைஃபஸையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர் சிஎம்சி ஆய்வாளர்களும் லண்டனின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியும் சேர்ந்து தமிழ்நாட்டில் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய், "யாருக்காவது காய்ச்சல் வந்ததா?" என்று கேட்பதுதான் வேலையின் பெரும்பகுதி. அந்த ஊர்களில் ஆண்டுக்குப் பத்து சதவீதம் பேர் வரை இந்தக் கிருமியின் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்று 2025இல் முடிவு வெளியானது. மலிவான, பழைய டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்குக் கட்டுப்படும் நோய் இது. ஆனால் டாக்டருக்குச் சந்தேகம் வந்தால்தானே மாத்திரை எழுதுவார்? சந்தேகப்படக் காரணம் இருக்கிறது என்று சொல்லும் அந்த எண்ணை எந்தக் கிளினிக்கில் உட்கார்ந்தும் பெற்றிருக்க முடியாது.

அரசாங்கத்தில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களே, தனியாக ஆராய்ச்சி நிதி எதற்கு?

இருக்கிறார்கள். ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கியது. கிராம சுகாதார செவிலியர் அறிகுறிகளைப் பார்த்து ஒரு படிவம் அனுப்புவார், மருத்துவர் தம் கணிப்பை இன்னொன்றில் எழுதுவார், ஆய்வகம் உறுதிசெய்ததை மூன்றாவதில் தரும். 2021 ஏப்ரலிலிருந்து நாடு முழுவதும் இது கணினித் தளத்துக்கு மாறியிருக்கிறது. இது அன்றாடப் பணி. இந்த வலையில் எத்தனை மீன் தப்புகிறது, எந்தச் சோதனையை நம்பலாம், முதல் நோயாளிக்கும் முதல் எச்சரிக்கைக்கும் இடையே எத்தனை நாள் போகிறது என்று கேட்பது ஆராய்ச்சி.

இரண்டுக்கும் பணம் வரும் தலைப்புகள் வேறு. தலைவலியே அங்கேதான். ஒரு முறை பயனுள்ளது என்று நிரூபணமானதும், ஆராய்ச்சிக்கு நிதி தந்தவர் "இனி இது அன்றாடப் பணி" என்று ஒதுங்கிக்கொள்வார். சுகாதாரத் துறையோ "இது ஆராய்ச்சித் திட்டமாயிற்றே" என்று கையை விரிக்கும். நல்ல திட்டங்கள் பல செத்துப்போவது இந்த இடைவெளியில்தான், ஆய்வு தோற்று அல்ல.

இந்தியாவில் பணம் கொடுப்பது யார் யார்?

பெரிய கை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். 1911இல் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கமாகத் தொடங்கி 1949இல் இப்போதைய பெயர் பெற்றது. பிறந்தபோதே பெயரில் நிதி இருந்தது என்பதைக் கவனியுங்கள். புனேவின் தேசிய நச்சுயிரியல் நிலையம், சென்னையின் தேசிய தொற்றுநோயியல் நிலையம், புதுச்சேரியின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் எல்லாம் அதன் கீழ்தான். தன் நிலையங்களை நடத்துவதோடு வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் கல்லூரிகளுக்கும் அது நிதி தருகிறது. 2007இல் உருவான சுகாதார ஆராய்ச்சித் துறை, உயிரித் தொழில்நுட்பத் துறை, அந்தத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் 2008இல் தொடங்கிய கூட்டமைப்பு ஆகியவை அடுத்த வரிசை. 2023இல் சட்டம் இயற்றி உருவாக்கிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவிப்பு. ஆனால் அது எல்லா அறிவியலுக்கும் சேர்த்து, அதிலும் பெரும்பங்கு தனியாரிடமிருந்து வரும் என்பது எதிர்பார்ப்பு.

வெளிநாட்டுக்காரர்கள் எதற்காக நம் ஊர்க் காய்ச்சலுக்குச் செலவு செய்கிறார்கள்?

அவர்களுக்கும் லாபம் உண்டு, அதை மறைப்பானேன்? கிருமிக்கு பாஸ்போர்ட் தேவையில்லை. புனே நிலையமே 1952இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையோடு சேர்ந்து நச்சுயிரி ஆராய்ச்சி மையமாகத் தொடங்கப்பட்டதுதான். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா பகுதியில் குரங்குகள் செத்து விழுந்து, மக்களுக்கும் காய்ச்சல் கண்டபோது, கியாசனூர் வன நோயின் வைரஸைப் பிரித்தெடுத்தது அந்த மையம். ஐந்து ஆண்டுகளாக ஓர் ஆய்வகமும் ஆட்களும் தயாராக இருந்ததால் முடிந்தது.

சென்னையில் இன்னும் நல்ல உதாரணம் இருக்கிறது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து காசநோய் மருத்துவ மையம் ஒன்றைத் தொடங்கின. காசநோயாளியை வீட்டில் வைத்து மருந்து கொடுத்தாலும், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கவைப்பதற்கு ஈடாகக் குணமாகும், வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று 1959இல் அது காட்டியது. உலகமே சானடோரியங்களை மூடியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்குண்டு. வெளிநாட்டுப் பணம் வந்தது, கேள்வியோ நம் ஊர்க் கேள்வி. ஒரு கூட்டுத்திட்டம் நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் உரைகல் இதுதான்.

இப்போது அப்படி நேரே கைகோத்துவிட முடியாது. சுகாதார அமைச்சகத்தின் தேர்வுக் குழு திட்டத்தை ஏற்க வேண்டும். தொண்டு நிறுவனமானால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவும் வேண்டும்.

இவ்வளவு பணமும் எதில்தான் செலவாகிறது?

நான் பார்த்த திட்டங்களில் பெரும்பகுதி சம்பளம். மீதியைப் புரிந்துகொள்ள ஒரு குழாய் ரத்தத்தின் பின்னாலேயே போகலாம். தாலுகா மருத்துவமனையில் காலை பத்து மணிக்கு எடுத்த ரத்தம், ஐஸ் பேக் வைத்த பெட்டியில் ஏறி, மதிய பஸ்ஸில் மாவட்டத் தலைநகருக்கு வருகிறது. அங்கே சுழற்றி, ரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்து, ஒரு பங்கைச் சோதனைக்கு வைத்துவிட்டு, மீதியைச் சிறு குப்பிகளில் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் அடுக்குகிறார்கள். குப்பியின் மேல் ஒட்டும் லேபிள் அந்தக் குளிரில் உரிந்து விழாத வகையாக இருக்க வேண்டும், அதற்கு விலை தனி. சோதனை கிட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு. ஃப்ரீசருக்கு ஜெனரேட்டரும் ஜெனரேட்டருக்கு டீசலும் வேண்டும்.

விண்ணப்பத்தில் மதிப்பீட்டாளர்கள் முதலில் அடிக்கும் வரி அந்த டீசல்தான். ஓர் இரவு மின்சாரம் போய் ஃப்ரீசர் இளகிவிட்டால் மூன்று ஆண்டு உழைப்பு வெறும் தண்ணீர் என்பதை அவர்களுக்கு எழுதிப் புரியவைப்பது எனக்குக் கைவந்த கலையாகிவிட்டது.

பணம் அனுமதித்த பிறகும் ஏன் இத்தனை தாமதம்?

நிதியாண்டுக்கும் கொசுவுக்கும் ஒத்துவராது. தமிழ்நாட்டில் டெங்கு வடகிழக்குப் பருவமழையோடு ஏறும், அதாவது அக்டோபரிலிருந்து. ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டின் பணம், முந்தைய தவணைக்குத் தணிக்கை செய்த பயன்பாட்டுச் சான்றிதழ் போய்ச் சேர்ந்த பிறகே கிளம்பும். தணிக்கையாளர், பதிவாளர், அங்கே ஒரு விளக்கக் கடிதம், இங்கே ஒரு பதில் என்று நகர்ந்து, மழை விட்டபின் ஜனவரியில் பணம் வந்து நிற்கும். மார்ச் 31க்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போகும். மார்ச் மாதத்தில் ஆய்வகங்கள் அவசர அவசரமாக இயந்திரம் வாங்குவதன் ரகசியம் இதுதான். களப்பணியாளரை அவசரமாக வாங்க முடியாதே.

கொரோனாவுக்குக் கொட்டிய பணமெல்லாம் எங்கே போயிற்று?

முழுக்க வீண் என்று சொன்னால் பொய். 2020 ஜனவரி 30 அன்று திருச்சூர் மாணவிக்கு உறுதியான, இந்தியாவின் முதல் தொற்று, புனே நிலையத்தில் சோதித்தது. அடுத்த சில வாரங்களில் சோதனை மாநிலங்களுக்குப் பரவ முடிந்ததற்குக் காரணம், கொரோனா என்ற பெயரே தெரியாத காலத்தில், 2010களில், சுகாதார ஆராய்ச்சித் துறை மருத்துவக் கல்லூரிகளில் கட்டத் தொடங்கிய நச்சுயிரி ஆய்வக வலையமைப்பு. தமிழ்நாட்டில் கிண்டி கிங் நிலையமும் தேனி அரசு மருத்துவக் கல்லூரியும் முதலில் களமிறங்கியது அப்படித்தான். பிறகு நாடெங்கும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் வந்தன. 2021 அக்டோபரில் 64,180 கோடி ரூபாய் மதிப்பில் அறிவித்த ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கட்டமைப்பு இயக்கம், 730 மாவட்டங்களிலும் பொது சுகாதார ஆய்வகம் என்றது.

கட்டடமும் இயந்திரமும் நின்றன. ஆட்கள் நிற்கவில்லை. எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வகத்தில் பிசிஆர் இயந்திரத்தின்மேல் பிளாஸ்டிக் உறை போர்த்தியிருக்கிறது. அதை இயக்கக் கற்றவர் பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருந்தார், புதுப்பிப்பு ஆணை வரவில்லை, தனியார் ஆய்வகத்துக்குப் போய்விட்டார். போனதற்கு அவரைக் குறைசொல்ல மாட்டேன். அடுத்த தொற்று வரும்போது புதிதாக ஒருவரைப் பிடித்துப் பழக்க வேண்டும். இயந்திரம் வாங்கினால் திறப்பு விழாவும் புகைப்படமும் உண்டு. டெக்னீஷியனின் நான்காம் ஆண்டுச் சம்பளத்துக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

நோய் வந்தபின் செலவு செய்தால் போதாதா?

வந்தபின் பணம் தாராளமாகவே கிடைக்கும். காலம்தான் கிடைக்காது. கனடாவின் வின்னிபெக் நகர ஆய்வகத்தில் உருவான எபோலா தடுப்பூசி குரங்குகளை முழுமையாகக் காத்தது என்று 2005லேயே தெரியும். மனிதர்களிடம் சோதிக்கப் பணம் போட ஆள் இல்லாமல் பல ஆண்டுகள் கிடந்தது. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா வெடித்து 11,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2015இல் கினி நாட்டில் அவசரமாகச் சோதித்தார்கள், தடுப்பூசி வேலை செய்தது. இந்தக் கூத்து மறுபடி நடக்கக் கூடாது என்றுதான் 2017இல் நார்வே, இந்தியா, கேட்ஸ் அறக்கட்டளை, வெல்கம், உலகப் பொருளாதார மன்றம் சேர்ந்து தொற்றுநோய்த் தடுப்பூசிகளுக்கென ஒரு கூட்டணி கண்டன.

மறுபக்கமும் உண்டு. பிரிட்டனில் ரெக்கவரி என்ற கொரோனா மருந்துச் சோதனை 2020 மார்ச்சில் தொடங்கியது. பொது மருத்துவமனைகளில் ஆராய்ச்சி செவிலியர்கள் ஏற்கெனவே சம்பளத்தில் இருந்தார்கள். ஜூன் 16 அன்று, டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்து வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்ற முடிவு வந்துவிட்டது. ஆட்களை எடுப்பதிலேயே ஆறு மாதம் கழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பல வருடம் ஒன்றுமே வரவில்லை என்றால் அந்தப் பணம் வீண்தானே?

ஒன்றும் இல்லை என்பதும் ஒரு முடிவு. ஆனால் தேடினோம், இல்லை என்பதற்கும் தேடவே இல்லை என்பதற்கும் வித்தியாசம் காட்டியாக வேண்டும். போலியோ கண்காணிப்பு இதை அழகாகச் செய்தது. பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திடீரென்று கை கால் துவண்டால், காரணம் எதுவானாலும் பதிவு செய்ய வேண்டும். பதினான்கு நாளுக்குள், ஒரு நாள் இடைவெளிவிட்டு, இரண்டு மலமாதிரிகள் எடுக்க வேண்டும். ஒருவரும் இல்லாத வாரத்தில் 'பூஜ்யம்' என்று எழுதி அனுப்ப வேண்டும். போலியோவே இல்லாத ஊரிலும் வேறு காரணங்களால் லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஒருவருக்காவது இப்படித் துவளும். அந்த எண்ணும் வரவில்லை என்றால் அங்கே வேலை நடக்கவில்லை என்று பொருள்.

இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் தாக்கிய இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டார். போலியோ இல்லை என்ற சான்று 2014 மார்ச்சில்தான் கிடைத்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளும் பூஜ்யங்களை எண்ணவே சம்பளம் கொடுத்தோம். அந்தப் பணம் வீண் என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

இதையே மலிவாகச் செய்ய முடியாதா?

முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள். வேலூரில் டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் சகாக்களும் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் அச்சடித்த அஞ்சலட்டைகளைக் கொண்டே நோய்க் கண்காணிப்பு நடத்தினார்கள். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற பாகுபாடு இல்லாமல் டாக்டர்கள் அட்டையில் நோயைக் குறித்துத் தபாலில் போடுவார்கள். மாதந்தோறும் தொகுத்த செய்தி அவர்களுக்கே திரும்பிவரும். அட்டை அனுப்பியதற்கு மரியாதையாக ஒரு பதில் வந்தது, அதனால் தொடர்ந்து அனுப்பினார்கள். இன்றைய செயலிகள் பலவற்றில் இல்லாதது அந்தப் பதில்தான்.

1986இல் இந்தியாவில் எச்ஐவியைக் கண்டுபிடித்த கதை இன்னும் சிக்கனம். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதன்பேரில் ஆய்வேட்டுக்காக ரத்த மாதிரிகள் சேகரித்தார். வைக்க இடமில்லாமல் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். பிறகு கணவரோடு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் தொற்று இருந்தது. கேட்கச் சிலிர்க்கிறது, சரி. ஆனால் இதைச் சொல்லிப் பட்ஜெட்டைக் குறைக்க வருகிறவர்களிடம் நான் கேட்பது: செலவே இல்லை என்கிறீர்களே, அந்தச் செலவை ஏற்றது யார்? ஒரு மாணவியும் அவர் குடும்பமும்.

கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கொடுக்கலாமே?

கொடுக்கலாம். 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தை இப்படிச் செலவிட வேண்டும். பொதுத்துறை ஆராய்ச்சி நிலையங்களுக்குத் தருவதும் அதில் சேரும். ஆனால் பெயர்ப்பலகை மாட்ட இடமுள்ளதைத்தான் விரும்புவார்கள். ஆம்புலன்ஸ் கேட்டால் வரும், அதன் டிரைவருக்குச் சம்பளம் கேட்டால் பேச்சு மாறும். மற்றதைக் கொரோனாக் கேள்வியில் சொல்லிவிட்டேன்.

அமெரிக்கா நிதியை நிறுத்தியதால் நமக்கு என்ன?

2025 ஜனவரியில் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி முடக்கப்பட்டது. அந்த நாட்டின் உதவி முகமை ஜூலையில் மூடப்பட்டது. மே மாதத்தில் அவர்களின் தேசிய சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பல்கலைக்கழகம் வழியாக வெளிநாட்டுக் கூட்டாளிக்குப் போகும் துணை நிதியைப் பழைய முறையில் தர மாட்டோம் என்றது. இந்தியாவின் அன்றாடக் கண்காணிப்பு உள்நாட்டுப் பணத்தில் நடப்பதால் அது அசையவில்லை. அடிபடுவது இரண்டாம் கேள்வியில் சொன்ன ஆராய்ச்சிப் பகுதி. அந்தத் துணை நிதியை நம்பி நடந்த ஆய்வுகளும், அவற்றில் சம்பளம் வாங்கிய ஆட்களும். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் நிலை நம்மைவிட மோசம்.

கொள்ளைநோய் நிதி என்று வந்ததை மாட்டுக்கும் கோழிக்கும் கொடுத்துவிட்டார்களாமே?

2022இல் உலக வங்கியில் அமைத்த கொள்ளைநோய் நிதியிலிருந்து இந்தியாவுக்குக் கிடைத்தது 2.5 கோடி டாலர். அது கால்நடைப் பராமரிப்புத் துறைக்குத்தான் போயிற்று, அது சரியும்கூட. கியாசனூர் வன நோயை மனிதருக்கு முன்பே குரங்குகள் சொல்லின. நிபா வைரஸ் பழந்தின்னி வௌவாலிடம் இருக்கிறது. மனிதரிடம் மட்டும் தேடுவது, கதையைப் பாதியிலிருந்து படிப்பது.

உண்மையைச் சொன்னால் மாவட்டத்துக்குக் கெட்ட பெயர். பிறகு யார் கண்டுபிடிப்பார்கள்?

நியாயமான பயம். 1994இல் சூரத்தில் பிளேக் என்றதும் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள், பல நாடுகள் விமானங்களை நிறுத்தின, ஏற்றுமதி அடிபட்டது. இறந்தவர்களோ ஐம்பது சொச்சம். நோயைவிட அறிவிப்புக்கு விலை அதிகம் என்று அதிகாரிகள் கற்றுக்கொண்டால் அது அவர்கள் தவறு மட்டும் அல்ல.

நிதி தருபவர்கள் இதைக் கொஞ்சம் மாற்ற முடியும். நோயாளி எண்ணிக்கை குறைந்ததா என்று பார்த்துப் பணம் தந்தால், எண்ணாமல் இருப்பதே சுலபம். சோதனை கூடக் கூட எண்ணிக்கை கூடத்தான் செய்யும். எத்தனை மாதிரி எடுத்தார்கள், எத்தனை நாளில் முடிவு சொன்னார்கள், பூஜ்ய அறிக்கை தவறாமல் வந்ததா என்று பார்க்க வேண்டும். போலியோவில் அப்படித்தான் பார்த்தார்கள்.

நம் ரத்தத்தை எடுத்துப்போய் அவர்கள் மருந்து செய்து நமக்கே விற்பார்கள், இல்லையா?

சந்தேகம் வீண் அல்ல. 2007இல் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துடன் பகிர மறுத்தது. தன் மாதிரியிலிருந்து செய்யும் தடுப்பூசி தன் மக்களுக்கு எட்டாத விலையில் இருக்கும் என்பது அதன் வாதம். அந்தச் சண்டையின் விளைவாக இன்ஃபுளூயன்சா வைரஸுக்கு மட்டும் 2011இல் ஒரு பகிர்வு முறை வந்தது. மற்ற கிருமிகளுக்கு 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை கொள்ளைநோய் ஒப்பந்தத்தை ஏற்றது. ஆனால் மாதிரி தருபவருக்கு என்ன பங்கு என்று சொல்லும் இணைப்பைப் பிற்பாடு பேசித் தீர்ப்பதாகத் தள்ளிவைத்தார்கள். அந்த இணைப்பு ஏற்கப்பட்ட பிறகே நாடுகள் கையெழுத்திட முடியும்.

உங்கள் தெருவுக்கு ரத்தம் கேட்டு யாராவது வந்தால், ஒப்புதல் படிவத்தில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள். மாதிரி எந்த ஊரில், எத்தனை ஆண்டு இருக்கும்? வேறு ஆய்வுக்குப் பயன்படுத்துவார்களா? நாட்டைவிட்டு வெளியே போகுமா? உங்கள் சோதனை முடிவை உங்களிடம் சொல்வார்களா? கீழே, ஆய்வுக்கு ஒப்புதல் தந்த நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் அச்சிட்டிருக்க வேண்டும். இல்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.